துண்டு விழுவது எவ்வளவு? அடிபட்ட குழந்தையின் ஆபரேஷனுக்குப் பணம் திரட்டப் போகிறவர்களுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. மனு எழுதித் தருவதும் உண்டு. ஒரு மதியம் முதுநகரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். போனில் பேரனின் படம். காலில் கட்டு, கண்ணில் தண்ணி. "இதைப் பெருசாப் போட்டு, கீழ அஞ்சு லட்சம் வேணும்னு எழுதிக் குடும்மா. அம்பது காப்பி" என்றார்.

அஞ்சு லட்சம் என்று யார் சொன்னது? "கவுண்டர்ல ஒரு பொண்ணு சொல்லிச்சு." எழுத்தில் கொடுத்தார்களா? இல்லை. காப்பீட்டு அட்டை? "வூட்ல எங்கயோ இருக்கும்." இதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் அம்பது காப்பியும் போட்டுக் கொடுத்தேன். அது என் தப்பு.

இரண்டு நாள் கழித்துப் பையனைப் புதுச்சேரியில் உள்ள ஜிப்மர் அரசு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். ஆபரேஷனுக்கு அங்கே ஒரு பைசா கட்டவில்லை. மற்ற செலவெல்லாம் சேர்த்து ஆனது 38,000 ரூபாய். ஆனால் அஞ்சு லட்சம் போட்ட தாள் பஸ் ஸ்டாண்டு வரை ஒட்டியாகிவிட்டதே! "மீதி நாலரை லட்சம் எங்கய்யா போச்சு?" என்று டீக்கடையில் கேட்டவர்களுக்குப் பெரியவர் பல மாதம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனைக்கும் வந்து சேர்ந்தது மொத்தமே 31,000.

அதிலிருந்து யார் வந்தாலும் முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: துண்டு விழுவது எவ்வளவு? மொத்தச் செலவு எவ்வளவு என்பது வேறு கேள்வி. அரசு கொடுப்பது, ஆஸ்பத்திரி குறைப்பது, கையில் இருப்பது எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடக் கேட்காதீர்கள்.

இதை எழுதுவது பெற்றோருக்காக அல்ல. அவர்கள் வார்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே ஓடப்போகிற சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா, வகுப்பு டீச்சர் போன்றவர்களுக்காக. முடிந்தால் இரண்டு பேராக இறங்குங்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில், ஒருவர் வெளியே.

முதல் நாள்

பணப் பேச்சே வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அவசர நிலையில் வந்தவருக்கு உயிர்காக்கும் சிகிச்சை தராமல் எந்த மருத்துவமனையும், அரசோ தனியாரோ, திருப்பி அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்பளித்துவிட்டது. முன்பணம் கட்டினால்தான் தொடுவோம் என்றால் இதைச் சொல்லுங்கள். குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள், சண்டையில் போவது குழந்தையின் நேரம்தான்.

நம் பக்கத்தில் கை கால் உடைந்தால் பாதிப் பேர் முதலில் நாட்டுக் கட்டுக்குத்தான் ஓடுகிறார்கள். செலவு குறைவு என்ற எண்ணம். குழந்தைகளுக்கு முழங்கைக்கு மேல் எலும்பு முறிந்தால் அதை ஒட்டியே ரத்தக்குழாய் போகிறது. இறுக்கிக் கட்டினால் விரல் நீலமாகும், மரத்துப்போகும், சில மணி நேரத்தில் சதையே செத்துப்போகலாம். அதற்கப்புறம் ஆகும் செலவுக்கு எந்தத் திட்டமும் போதாது. கட்டுக்கு வெளியே விரல் நுனி சூடாக இருக்கிறதா, அசைக்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

வாகனம் மோதியதோ, யாராவது அடித்ததோ என்றால் கேசுவால்டியில் எழுதும் விபத்துப் பதிவின் நகல் வேண்டும். ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும். எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி நடந்தது என்பதை உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். போலீஸ் வம்பு வேண்டாம் என்று பயந்து, வண்டி மோதியதை "படிக்கட்டில் விழுந்தான்" என்று எழுத வைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பின்னால் இழப்பீட்டுக்குப் போனபோது அந்த ஒரு வரி அவர்கள் கழுத்தைப் பிடித்தது.

முள்ளோடைக்கு எந்தப் பக்கம்?

கடலூர் புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும் உள்ள தலைவலி இது. வீடு கடலூர் மாவட்டத்தில் இருக்கும், பள்ளிக்கூடம் புதுச்சேரிப் பாகூரில் இருக்கும், விபத்து நடுவில் நடந்திருக்கும். முள்ளோடைதான் எல்லை. அதற்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, ரெட்டிச்சாவடி போலீஸ்; அந்தப் பக்கம் புதுச்சேரி, கிருமாம்பாக்கம் போலீஸ். எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துத் திட்டமும் மாறும்.

சாலை விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கினார்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று ஆரம்பித்தது. அட்டை இருக்கிறதா, எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. புதுச்சேரிக் குழந்தைக்குக் கடலூர்ப் பக்கம் அடிபட்டாலும் பொருந்தும். இதுபோக மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில், நாட்டில் எங்கே சாலை விபத்து நடந்தாலும் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை, குறிப்பிட்ட மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். விபத்துதான் என்று போலீஸ் உறுதி செய்ய வேண்டும், அதனால் ஸ்டேஷனுக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மரத்திலிருந்து, மாடியிலிருந்து விழுந்தது, கொதிக்கிற குழம்பு கொட்டியது, இவற்றுக்கு அந்தத் திட்டங்கள் கிடையாது. அங்கே ரேஷன் கார்டுதான் பேசும்.

தமிழ்நாட்டுக் கார்டு என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லாவிட்டாலும் கை விரிக்க வேண்டாம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். குழந்தை ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்பதற்கு டாக்டரின் கடிதம் கையில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். சந்தேகம் என்றால் 1800 425 3993, கட்டணமில்லா எண்.

புதுச்சேரிக் கார்டு என்றால் ஆயுஷ்மான் பாரத். அதிலும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம். உதவி எண் 14555. சிவப்புக் கார்டு (வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான ரேஷன் கார்டு) வைத்திருப்பவர்கள், ஏழைகளுக்கான மருத்துவ நிவாரணச் சங்கம் புதுச்சேரியில் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய செலவு பிடிக்கும் சிகிச்சை என்றால் அங்கேயும் மனு போடலாம்.

நான் பார்த்த வரையில் மனுக்கள் மாட்டிக்கொள்வது இரண்டே இடத்தில். ஒன்று, குழந்தையின் பெயரே ரேஷன் கார்டில் ஏறியிருக்காது. பிறந்து ஆறு வருடம் ஆகியிருக்கும், அரிசி வாங்கத் தடை இல்லாததால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இரண்டு, இனிஷியல். ஆதாரில் அப்பா பெயரின் முதல் எழுத்து, பள்ளிச் சான்றில் தாத்தா பெயருடையது. இரண்டையும் இ-சேவை மையத்தில் சரிசெய்யலாம், ஆனால் நாளாகும். ஆகவே ஆஸ்பத்திரி மேசையில் குழந்தையின் பெயரை எழுதும்போதே ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து கொடுங்கள்.

எந்த ஆஸ்பத்திரி, என்ன கடிதம்

கடலூர் தலைமை மருத்துவமனையில் முடியாதது என்றால் சிதம்பரம் ராஜா முத்தையாவுக்கோ (இப்போது அதுதான் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி), விழுப்புரம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, கோரிமேடு ஜிப்மருக்கோ அனுப்புவார்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியும் உண்டு. தனியாரில் சேர்த்துவிட்ட குழந்தையை அரசு மருத்துவமனைக்கு மாற்றலாமா என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். "இன்றைக்கே ஆபரேஷன் ஆக வேண்டுமா, இல்லை இரண்டு மூன்று நாள் தாங்குமா?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். தாங்கும் என்றால், பரிந்துரைக் கடிதமும் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களும் வாங்கிக்கொண்டு ஆம்புலன்சில் மாற்றலாம். இன்றைக்கே என்றால் அங்கேயே நடக்கட்டும், பணத்தைப் பிறகு பார்ப்போம்.

அந்தத் தனியார் மருத்துவமனை காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் இருக்கிறதா, இந்த ஆபரேஷன் அதில் அடங்குமா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். காப்பீட்டில் அனுமதி ஆன சிகிச்சைக்குத் தனியாகப் பணம் வாங்கக் கூடாது. என் சொந்த அக்கா மகளுக்குக் கையில் பிளேட் வைத்தபோது, அனுமதி வந்த பிறகும் "இம்ப்ளான்ட்டுக்கு மட்டும் இருபத்தஞ்சாயிரம்" என்று ஒரு இடத்தில் கேட்டார்கள். ரசீது தருவீர்களா என்று கேட்டேன். பேச்சு அத்தோடு நின்றது.

செலவு உண்டு என்று தெரிந்தால் எஸ்டிமேட் கடிதம் வாங்குங்கள். மருத்துவமனையின் லெட்டர்பேடில், டாக்டர் கையெழுத்து, முத்திரை, தேதி, உள்நோயாளி எண், என்ன ஆபரேஷன், எத்தனை நாள் தங்க வேண்டும், மருந்து, உள்ளே வைக்கும் கம்பி பிளேட் எல்லாம் சேர்த்தா சேர்க்காமலா என்பது அதில் இருக்க வேண்டும். இந்த ஒரு தாள் இல்லாமல் எந்த அறக்கட்டளையும் உங்களோடு பேசாது. பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு எம்.பி. அலுவலகம் வழியாக மனு போடுவதற்கும் இதுதான் வேண்டும். அங்கே பணம் மருத்துவமனைக்குத்தான் போகும், கட்டி முடித்த பில்லுக்குக் கிடைக்காது. மெதுவாக வருகிற உதவி, அதை நம்பி ஆபரேஷனை நிறுத்தி வைக்காதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவுக்கு இதைவிடச் சீக்கிரம் அசைவு தெரியும். அன்று காலை ஒன்பதரைக்கெல்லாம் வரிசையில் நில்லுங்கள்.

கணக்கு நோட்டு

இப்போது துண்டைக் கண்டுபிடிக்கலாம். முதுநகர்ப் பையனுக்கு நாங்கள் பிறகு உட்கார்ந்து எழுதிய கணக்கு இது. வயது ஒன்பது, தொடை எலும்பு முறிவு, உள்ளே வளையும் கம்பி வைத்தார்கள்.

வெளியே வாங்கச் சொன்ன மருந்து, சாமான் 9,500. கூட இருந்த இரண்டு பேருக்கு 16 நாள் சாப்பாடு, டீ 4,800. பஸ், ஆட்டோ 2,700. வாக்கர் 1,500. வீட்டுக்குக் கூட்டிவர கார் 1,800. பிசியோதெரபிக்குப் போய்வர 3,300. மீன்பிடித் துறைமுகத்தில் லோடுமேனாக இருக்கும் அப்பாவின் கூலி, நாளுக்கு 600 வீதம் 24 நாள், 14,400. ஆக 38,000.

கடைசி வரியைப் பாருங்கள். செலவிலேயே பெரியது அதுதான். அதை யாரும் எழுதுவதில்லை. 'உழைச்ச காசைக் கேட்கிற மாதிரி' இருக்கிறது என்று கூச்சம். அப்பா வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் இருக்கும் மற்ற இரண்டு பிள்ளைகளும் என்ன சாப்பிடும்? கட்டாயம் எழுதுங்கள், ஒளிக்காமல் எழுதுங்கள். கொடுப்பவர்கள் புரிந்துகொள்வார்கள்.

குடும்பத்தின் கையில் 7,000 இருந்தது. சங்கத்தில் 5,000 கொடுத்தார்கள். துண்டு 26,000. அஞ்சு லட்சம் எங்கே, இது எங்கே!

துண்டை அடைக்க மீட்டர் வட்டிக்குப் போகாதீர்கள். காதில் கழுத்தில் இருப்பதைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைப்பது அதைவிட எவ்வளவோ மேல். அதிக வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லிருந்து சட்டமே இருக்கிறது, ஆனால் வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கும்போது அது கூட வந்து நிற்காது.

பணம் எங்கே வந்து விழ வேண்டும்

சாத்தியமானால் மருத்துவமனைக் கணக்கிலேயே, நோயாளி எண்ணைக் குறிப்பிட்டுக் கட்டச் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவர்களின் நம்பிக்கைக்கு இதைவிடச் சுருக்கு வழி இல்லை. வருமான வரித் தொந்தரவும் குறையும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரே வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ஒருவர் கணக்கில் பணம் வந்தால் அது வருமானமாகப் பார்க்கப்படலாம். பெரிய தொகை என்றால் ஒரு ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு, கூலிக்கான பணம் வீட்டுக் கணக்குக்குத்தான் வர வேண்டும். அம்மா அல்லது அப்பாவின் கணக்கு போதும், நீங்கள் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் உங்கள் கணக்கு வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கு எந்த வகை என்று வங்கியில் கேட்டுவிட்டு எண்ணைக் கொடுங்கள். முழு ஆவணம் இல்லாமல் திறந்த 'சிறு கணக்கு' என்றால் வருடத்துக்கு மொத்த வரவு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது, இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது, மாதம் 10,000-க்கு மேல் எடுக்கவும் முடியாது. வீட்டு வேலை செய்யும் ஒரு அம்மாவின் கணக்கு இப்படித்தான் மாட்டியது. பணம் உள்ளே இருக்கிறது, போனை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் வங்கி வாசலில் நிற்கிறார், கையில் வரவில்லை. ஆதாரும் பான் கார்டும் கொடுத்து மாற்றிய பிறகுதான் வந்தது. பழைய குழுக் கடன் பாக்கி அதே கணக்கில் இருந்தாலும் முன்கூட்டியே மேனேஜரிடம் பேசிவிடுங்கள், வந்த பணத்தைக் கடனுக்குப் பிடித்துக்கொள்ளக் கூடும்.

கையில் கொடுக்கும் காசுக்கு நோட்டு. மொய் எழுதுவது நமக்குப் புதிதில்லை. தேதி, பெயர், தொகை, வாங்கியவர் கையெழுத்து. அம்பது ரூபாயையும் எழுதுங்கள்.

எப்படிக் கேட்பது

வாட்ஸ்அப்பில் அழுகிற படங்களுக்கு இப்போது மதிப்பில்லை. தேதியும் கணக்கும் இருந்தால்தான் நின்று படிக்கிறார்கள். அந்தப் பெரியவருக்கு இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்:

"எங்கள் தெருப் பையன், வயது 9. மாடியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து ஜிப்மரில் இருக்கிறான். ஆபரேஷன் இலவசமாக நடந்துவிட்டது. வெளி மருந்து, சாப்பாடு, போக்குவரத்து, அப்பாவின் 24 நாள் கூலி, எல்லாம் சேர்த்து 38,000. கையில் 12,000 இருக்கிறது. இன்னும் 26,000 வேண்டும். கணக்கு அம்மா பெயரில். இன்றைய தேதி போட்டிருக்கிறோம். பதினைந்து நாளுக்குப் பிறகு இது உங்களுக்கு வந்தால் அனுப்ப வேண்டாம், தொகை சேர்ந்திருக்கும். சந்தேகம் கேட்க இரண்டு பேரின் எண்கள் கீழே."

முடிவுத் தேதியை மறக்காதீர்கள். தேதி இல்லாத செய்தி சாவதே இல்லை, குழந்தை பள்ளிக்கூடம் போய் ஓடி விளையாடும்போதும் யாரோ ஒருவர் போன் செய்து "இப்ப எப்படிம்மா இருக்கான்?" என்று கேட்பார்.

படத்தில் முகம் வேண்டாம் என்பது என் கட்சி. கட்டுப் போட்ட கால், எக்ஸ்ரே, கடிதம் போதும். நாளைக்கு வகுப்பில் அந்தப் படத்தை வைத்தே பையனைக் கேலி செய்வார்கள். குழந்தைக்கு யாராவது செய்த குற்றத்தால் அடிபட்டது என்றால் இது விருப்பு வெறுப்பு விஷயமே இல்லை: பெயர், படம், பள்ளி, தெரு எதையும் வெளியிடக் கூடாது, சட்டமே தடுக்கிறது.

முதலில் கேட்க வேண்டிய இடம் முகம் தெரிந்த இடம். தேவனாம்பட்டினம் மாதிரி ஊர்களில் மீனவர் பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை சொன்னால் ஒரே மாலையில் முடிந்துவிடும். ஆட்டோ ஸ்டாண்டு, பள்ளியின் முன்னாள் மாணவர்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஜமாத், ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்குத்தந்தை, கோயில் அன்னதானக் குழு. அடிபட்டது பள்ளி நேரத்தில் என்றால் தலைமையாசிரியர் வழியாக அரசின் நிதியுதவிக்கும் எழுதச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டில் உண்டியல் குலுக்குவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. நாலு பேர் நாள் முழுக்க நின்று கொண்டுவருவது அவர்கள் நாலு பேரின் கூலியைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது.

புதுச்சேரியில் பாதித் தெருவுக்குப் பிரான்சில் சொந்தம் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அங்கிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். நெருங்கிய உறவென்றால் விலக்கு உண்டு. உறவில்லாதவர் என்றால், அந்தச் சட்டத்தில் பதிவுள்ள அறக்கட்டளை வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

துண்டு லட்சக்கணக்கில் என்றால் மட்டும் மிலாப், கெட்டோ, இம்பாக்ட்குரு மாதிரி இணையத் தளங்களுக்குப் போங்கள். எஸ்டிமேட் கடிதம், ஆதார், குழந்தை மருத்துவமனையில் இருப்பதற்கான ஆதாரம் கேட்பார்கள். விளம்பரத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள், கொடுப்பவரிடம் 'டிப்ஸ்' என்று கூடுதலாகக் கேட்பார்களா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அங்கேயும் முதல் பத்துப் பேர் உங்கள் ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். யாருமே கொடுக்காத பக்கத்தில் வெளியாட்கள் கொடுப்பதில்லை.

செய்தி பரவிய மறுநாளே மோசடிக்காரரும் வருவார். "டிரஸ்டிலிருந்து ரெண்டு லட்சம் சேங்ஷன் ஆயிருக்கு, பிராசசிங் ரெண்டாயிரம் அனுப்புங்க" என்பார். பணம் கொடுக்கிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். ஓ.டி.பி.யும் கேட்க மாட்டார், பணம் வாங்க க்யூஆரை ஸ்கேன் செய்யவும் சொல்ல மாட்டார். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

வழக்கும் கணக்கும்

வண்டி மோதிய கேஸ் என்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வந்து "சார், கேஸ் நான் பாத்துக்கறேன், பர்சன்டேஜ் போதும்" என்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். குழந்தைக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், எண் 15100. மோதிய வண்டி நிற்காமல் போயிருந்தாலும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. மருந்துச் சீட்டு, பில் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். பில் தாளில் எழுத்து ஆறு மாதத்தில் மங்கிவிடும், அன்றன்றைக்கே ஒரு ஜெராக்ஸ். கடைக்காரி என்பதால் சொல்லவில்லை.

தொகை சேர்ந்ததும் நிறுத்துங்கள். ஒட்டிய தாள்களைக் கிழியுங்கள், வாட்ஸ்அப் குழுவில் வரவு செலவு போடுங்கள். முதுநகர்ப் பையன் கணக்கில் 26,000 தேவைக்கு 31,000 வந்ததால் 5,000 மிஞ்சியது. திருப்பிக் கொடுக்கலாமா என்று பெரியவர் கேட்டார். குழந்தைகளின் தொடையில் வைத்த அந்த மாதிரிக் கம்பியை ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள், அதற்கு இன்னொரு ஆபரேஷன். அந்தச் செலவுக்கு என்று நோட்டில் எழுதி, பணம் கொடுத்தவர்களுக்கும் சொல்லிவிட்டு, அம்மாவின் கணக்கிலேயே வைத்தோம். கம்பி எடுக்கப் போன நாலு நாளில் பஸ், சாப்பாடு, அப்பாவின் கூலி எல்லாம் போக 640 ரூபாய் மிச்சம். அதையும் எழுதி வைத்திருக்கிறார்.